நைனாவின் சோடா மிஷின்

எங்கள் எருமைக் கொட்டகையில் சோடா மிஷின் வந்து இறங்கிய அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் யாருமே போகவில்லை. ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி கிளம்பியபோதே செய்தி பரவிவிட்டது. வண்டிக்கு முன்னால் நைனா, எங்கள் அப்பா, நடந்து வந்தார். தம்மிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் தாய்மாமன் நடக்கிற மாதிரி இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே வந்தார். வண்டியில், வைக்கோலின்மேல், சாக்குப் போர்த்திய பச்சை நிற இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். ஆனால் அதற்குள் காற்றைப் பிடித்துத் தண்ணீரில் அடைக்கிற வித்தை இருக்கிறது என்று நைனா ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

நைனா அதுவரை வேலூரில் ஒரு வெள்ளைக்காரரின் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். கடையின் முன்பக்கம் மருந்து, பின்பக்கம் துரைமார்களுக்கான சோடா. நைனாவுக்குப் பின்பக்கத்தில் வேலை. ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்களில் கடைக்காரர் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினார். மேஜை, நாற்காலி, கண்ணாடி அலமாரி எல்லாம் ஏலத்தில் போயின. சோடா மிஷினை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. வெடிக்கும் என்று பயம். நைனா அதைக் கேட்டு வாங்கிவிட்டார். அதற்காக அம்மாவின் இரண்டு எருமைகளும் கைமாறின. அம்மா அழுவாள் என்று நானும் அக்காவும் எதிர்பார்த்தோம். அவள் எருமைகளை வாங்கியவரோடு அனுப்பிவிட்டு வந்து, கையோடு கொட்டகையைப் பெருக்கிச் சாணி தெளித்தாள்.

"எருமைக்கு ரெண்டு வேளை தீனி வைக்கணும். இதுக்கு வேணாமில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணாம். மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல கேஸ் வரும். அது போதும்" என்றார் நைனா.

எங்கள் தெருவுக்கு வேதக்காரத் தெரு என்று பெயர். தாத்தா காலத்தில் அது சேரி. தாத்தா தோல் ஷாப்பில், முடி உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி நின்று வேலை செய்தவர். மிஷன் பாதிரிமார் வந்து ஞானஸ்நானம் கொடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய பிறகு தெருவின் பெயர் மாறியது. ஊர் எங்களைப் பார்க்கிற பார்வை அவ்வளவாக மாறவில்லை. தாத்தாவுக்குப் பிறகு நைனாவும் தொட்டியில்தான் இறங்கியிருக்க வேண்டும். அவர் எட்டாவது படித்தார், கோட்டுப் போட்டார், இப்போது சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று மிஷினோடு வந்து நிற்கிறார்.

முதல் சோடா பிடித்த காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. கழுத்தில் கோலிக் குண்டு போட்ட பச்சைக் கண்ணாடிப் பாட்டில்களை நானும் அக்காவும் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தோம். நைனா தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரும்புப் பெட்டிக்குள் பூட்டினார். கேஸ் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று பாம்பு சீறுகிற சத்தம். தெருப் பிள்ளைகள் வாசல்வரை ஓடிவிட்டார்கள்.

"அக்கா, சுத்து" என்றார்.

நைனாவும் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். தண்ணீர்க் குடம் சுமந்து இறுகிய கைகள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். பெட்டி தலைகீழாகப் புரண்டு புரண்டு எழுந்தது. உள்ளே கோலிகள் கடகடவென்று உருண்டு, பிறகு ஒரே நேரத்தில் சத்தம் அடங்கியது.

"நின்னுச்சா? அவ்ளோதான். கேஸ் உள்ளேர்ந்து குண்டைத் தள்ளி வாயை மூடிக்கிச்சு. யாரும் தக்கை வச்சு அடைக்க வேணாம்" என்றார் நைனா.

இரண்டாவது தடவை சுற்றியபோது ஒரு பாட்டில் வெடித்தது. பெட்டி பூட்டியிருந்ததால் யாருக்கும் அடியில்லை. ஆனால் கொட்டகைக் கூரையிலிருந்த குருவிகள் எல்லாம் பறந்து போயின, திரும்பி வரவேயில்லை. முதல் பாட்டிலை நைனா அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரே மடக்காகக் குடித்தாள். மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்து, தும்மி, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாங்க இது, குடிச்சா மூக்கு வழியா சிரிப்பு வருது."

தண்ணீர் விஷயத்தில் அம்மாதான் கறார். ஊர்க் கிணறுகளில் தோல் ஷாப்புக் கழிவு கலந்து உப்புக் கரித்தது. அந்தத் தண்ணீரில் எந்த கேஸை ஏற்றினாலும் தோல் வாசனை போகாது என்று அவள் சொல்லிவிட்டாள். பாலாற்றில் கழிவு வந்து சேராத, ஷாப்புகளுக்கு மேல்பக்கத்தில், மணலில் ஊற்றுத் தோண்டி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவருவோம். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துக் கலர் சோடா செய்ததும் அவள்தான். நைனா மருந்துக்கடை அளவுகளைச் சொல்லுவார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நாக்கில் விட்டுப் பார்த்துத் தன் இஷ்டத்துக்குச் சேர்ப்பாள்.

மதியம் தோல் ஷாப்பு வாசலில் விற்றோம். தொட்டியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்குத் தொண்டையெல்லாம் சுண்ணாம்புக் காரம். ஒரு சோடா குடித்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. கோலியை உள்ளே தள்ளிச் சோடா உடைப்பது என் வேலை. மரக் குமிழை வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்த வேண்டும். டப்பென்று குண்டு கீழே இறங்கும், நுரை பொங்கும். ஒரு நாள் ஷாப்புக்குச் சொந்தக்காரரான சாயபு குதிரை வண்டியை நிறுத்திக் கீழே இறங்கினார். ஒரு பாட்டிலை வாங்கி நின்றபடியே குடித்தார்.

"நம்ம ஊர்லியே பண்றதா இது? வாஹ். இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி போடு தோஸ்த்" என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டு விருந்துக்கெல்லாம் பெட்டி பெட்டியாகப் போனது.

ஆனால் கடைத்தெருவில் எங்கள் சோடா நுழையவில்லை. அங்கே பெரிய மளிகைக் கடை ஒன்று. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர், யாரிடமும் அதட்டிப் பேசமாட்டார். நைனா ஒரு பெட்டியோடு போய்ப் படிக்குக் கீழே நின்றார். நானும் கூட நின்றேன்.

கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சரக்கு நல்லாத்தான் கீது. ஆனா யாரு ரொப்பினதுன்னு கேப்பாங்களே. நான் இன்னான்னு சொல்றது?"

"நான்தான்னு சொல்லுங்க ஐயா."

"சொன்னா அப்புறம் அரிசி பருப்புகூட வாங்க வரமாட்டாங்கப்பா. பேஜாராயிடும்."

நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விடுவிடுவென்று நடந்தார். அவர் கூடவே ஓடியதில் எனக்கு மூச்சு வாங்கியது. வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அம்மா இஞ்சி இடிப்பதை நிறுத்தவில்லை.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் நம்மள தெரியும். தெரியாத ஊருக்குப் போலாம். கார்த்திகை மாசம் ஞாயித்துக்கிழமையானா சோளிங்கர் மலைக்கு எவ்ளோ சனம் போவுது. மலைய ஏறி எறங்கினவனுக்கு நாக்கு ஒட்டிக்கும். அங்க போய் கடை போடுங்க" என்றாள்.

நைனா எழுந்து நின்றுவிட்டார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு கொட்டகைக்குள் இங்குமங்கும் நடந்தார். அவருக்கு யோசனை பிடித்துவிட்டால் அப்படித்தான்.

எங்கள் மிஷன் கோயில் உபதேசியாருக்குத்தான் அது பிடிக்கவில்லை. வீட்டுக்கே வந்தார். "நரசிம்ம சாமி திருநாளுக்கா? அதும் ஞாயித்துக்கிழமை ஆராதனைய விட்டுட்டா?" என்றார்.

"தாகத்துக்குத் தண்ணி குடுங்கன்னு நீங்கதானே ஐயா பிரசங்கம் பண்றீங்க" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமையும் கூட்டம் வருமாம். நாங்க வெள்ளிக்கிழமை போய்ட்டு சனிக்கிழமை வந்துர்றோம்" என்றாள். உபதேசியார் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு இஞ்சி சோடா குடித்துவிட்டுப் போனார்.

அதற்கு முன் நான் ரயில் ஏறியதில்லை. வியாழக்கிழமை மதியம் பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். வைக்கோல், சாக்கு, மறுபடி வைக்கோல். ரயில் குலுங்கும்போதெல்லாம் சாமான் வண்டியில் பாட்டில் வெடித்துவிடுமோ என்று அக்கா காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. காட்பாடி தாண்டியதும் எனக்குத் தெரிந்த உலகம் முடிந்துவிட்டது. பார்க்கிற மலையெல்லாம் சோளிங்கர் மலையா என்று நைனாவைக் கேட்டேன். அவரும் சலிக்காமல் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். சோளிங்கர் ஸ்டேஷனில் இறங்கி, வண்டி பிடித்து மலையடிவாரம் போய்ச் சேர்ந்தோம்.

விடியும்போது தூறல். அம்மா வானத்தைப் பார்த்தாள், நைனா அம்மாவைப் பார்த்தார். மழை நாளில் யார் சோடா குடிப்பார்கள்? பனை ஓலையில் பந்தல் போட்டுப் பாட்டில்களை அடுக்கிவிட்டு நால்வரும் உட்கார்ந்திருந்தோம். ஜனங்கள் ஈரத் தலையோடு எங்களைத் தாண்டி மலையேறிப் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் குரங்குகள்தான். சோளிங்கர் குரங்குகள் பூஜைத் தட்டையே பிடுங்குகிறவை. ஒரு தடியன் பந்தலுக்குள் நுழைந்து பாட்டிலில் கை வைத்தது. நான் பயத்தில் கையிலிருந்த சோடாவை டப்பென்று உடைத்தேன். அது போட்ட கூச்சலில் மற்றவையும் மரத்துக்குத் தாவின. பக்கத்தில் தேங்காய் பழத்தோடு நின்ற ஒரு குடும்பம், குரங்குக்குப் பயந்து எங்கள் பந்தலுக்குள் ஒதுங்கியது. அவர்கள்தான் எங்கள் முதல் கிராக்கி.

பிறகு வெயில் அடித்தது. மலையேறியவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். முட்டி நடுங்க, உதடு காய்ந்து, கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டப், டப் என்று என் கை நிற்கவில்லை. சத்தம் கேட்டே கூட்டம் வந்தது. குரங்கு அண்டாத இடம் என்று வேறு பேர் பரவி, பிள்ளைகுட்டியோடு வந்து நின்றார்கள்.

வாய் வைத்துக் குடிக்க மாட்டேன் என்ற பெரியவர் ஒருவர் வந்தார். கட்டுக்குடுமி, காதில் கடுக்கன், கூடவே பேத்தி. "அண்ணாந்து குடிச்சுக்கிறேன்" என்றார். வேண்டாமென்று நைனா சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. பாட்டிலை உயரத் தூக்கிக் கவிழ்த்தார். முதலில் குண்டு உருண்டு வாயை அடைத்தது. ஒன்றும் வரவில்லை. ஆட்டினார். மொத்தமாக நுரைத்து மூக்கிலும் கண்ணிலும் பாய்ந்தது. பேத்தி சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண், மிச்சமிருந்ததைப் பிடுங்கி வாய் வைத்தே குடித்து முடித்தாள். பெரியவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செம்புல ஊத்திக் குடு" என்றார். ஊற்றினோம். நுரையெல்லாம் அடங்கியதும் குடித்துப் பார்த்துவிட்டு, "சப்புனு கீதே" என்றார். மூன்றாவதாக ஒன்று வாங்கி, அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, வாய் வைத்துக் குடித்தார். திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் மனைவியோடு இறங்கி வந்தார். மொட்டை போட்டிருந்ததால் எனக்கு அவரை உடனே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு எங்களைத் தெரிந்தது. சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். அந்த அம்மாளுக்கு எங்களைத் தெரியாது. நேராக வந்து ஒரு எலுமிச்சை சோடா குடித்தாள், பிறகு ஒரு வெறும் சோடா. கணவர் கண்ணைக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை.

கூட்டத்தில் நின்ற ஒருவர் நைனாவின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.

"ஆம்பூருங்க."

"ஆம்பூர்ல எந்தத் தெரு?"

அக்கா சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள். ஏதாவது ஒரு தெருவின் பேரைச் சொல்லிவிடலாம். அங்கே யாருக்குத் தெரியும்? தெரிந்த ஒருவர், மொட்டைத் தலையோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நைனா நிமிர்ந்து நின்றார். "வேதக்காரத் தெருங்க. எங்க அப்பா தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில வேலை செஞ்சாரு. நான் சோடா ரொப்பறேன். ஆத்து ஊத்துத் தண்ணி, சுத்தமா வடிகட்டினது."

என் கையில் உடைத்த பாட்டில் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. கேட்டவர் தம் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுத் துப்பினார். இன்னும் சிலர் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவன் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்தான். பேத்தியோடு வந்த பெரியவர் அங்கேயேதான் நின்றார்.

அப்போது மளிகைக் கடைக்காரரின் மனைவி பேசினாள். யாரையும் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை.

"நான் ரெண்டு குடிச்சிட்டேன். வயித்துக்கு ஒண்ணும் ஆவல. அந்த இஞ்சி எப்படி கீதுன்னு பாக்கணும்." என்னிடம் கையை நீட்டினாள். "ஒண்ணு ஒடைம்மா."

"ஏய், இன்னா பண்ற?" என்றார் கணவர்.

"தாகம், குடிக்கிறேன். மலைய ஏறி எறங்கினது என் காலு, உங்க காலு இல்ல."

நான் உடைத்த சத்தம் என் காதுக்கே பெரிதாகக் கேட்டது. அவள் பாதி குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். பிறகு மீதியைக் கணவரிடம் நீட்டினாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வாங்கினார். குடித்தார். பெரியவர் செருமிக்கொண்டு, "எனக்கும் அந்த இஞ்சியே குடு" என்றார். அவ்வளவுதான். பந்தலை விட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டே இருந்த கூட்டத்துக்கு இந்தச் சமாசாரம் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் நின்றார்கள். பொழுது சாயும் முன்பே கொண்டுபோன அத்தனையும் தீர்ந்துவிட்டது. கடைசியாக ஒரு சோடா எங்களுக்கென்று மிச்சம் வைத்திருந்தோம். அதையும் ஒரு சாது கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அம்மா வெறும் பெட்டிமேல் உட்கார்ந்து, மூச்சு விட முடியாமல் சிரித்தாள். நைனா கோட்டைக் கழற்றி உதறினார். அது முழுக்கச் சோடாவில் நனைந்து எறும்பு மொய்த்திருந்தது.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் மளிகைக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். நைனா போனார்.

"பெட்டிய பின்வாசல்ல எறக்கிட்டுப் போ. நான் வித்துக்கிறேன்" என்றார் அவர்.

"உங்க அரிசி மூட்டையெல்லாம் முன்வாசல்லதானே ஐயா வருது. சோடாவும் அப்படியே வரட்டும்" என்றார் நைனா.

கடைக்காரர் கணக்கு நோட்டைப் புரட்டினார். மறுநாள் அவர் மனைவியே முன்வாசலில் வந்து நின்று பெட்டிகளை இறக்கச் சொன்னாளாம். சோடா கடைக்குள் போனது. நைனா படிக்குக் கீழேதான் நின்றார். அவர் அந்தப் படியேறி உள்ளே உட்கார்ந்து பேச இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதைப் பற்றி அவர் வீட்டில் குறைப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. ஆனால் எங்கள் கொட்டகைக்கு யார் வந்தாலும், தோல் ஷாப்பு ஆளானாலும் தாசில்தார் ஆபீஸ் ஆளானாலும், முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஓய்வென்பதே இல்லை. விரிஞ்சிபுரத்தில் திருவிழா என்றால் அங்கே, வேலூரில் சந்தை என்றால் அங்கே. நைனா மெட்ராஸிலிருந்து புதிய மிஷின் வரவழைத்தார். இன்னொருவன் ஊரில் சோடா தொழில் ஆரம்பித்தபோது, நைனா அவனுக்குப் போட்டியாக ஆரஞ்சுக் கலர் போட்டார். அவன் ரோஸ் போட்டான். இரண்டு பேரும் கலர் கலராகப் போட்டு, தெருவில் பிள்ளைகளின் நாக்கெல்லாம் வானவில்லாகத் திரிந்தது. நான் படித்து வேலூரில் நர்ஸாகப் போனேன். விடுமுறைக்கு வந்தால் முதல் காரியமாகப் பாட்டில் கழுவ உட்கார்த்திவிடுவார்கள்.

அக்காவுக்குப் பள்ளிகொண்டாவில் மாப்பிள்ளை அமைந்தது. அவர் மிஷன் பள்ளி வாத்தியார், சாது. கல்யாணச் சீராக என்ன வேண்டும் என்று நைனா கேட்டபோது அக்கா, "பழைய மிஷின்" என்றாள். அதைக் கொண்டுபோய் ரஸ்தாவோரம் கடை வைத்தாள். பள்ளிகொண்டாவில் ரங்கநாதருக்குத் திருவிழா வந்தபோது நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். கடையில் ஈ நுழைய இடமில்லை. அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுகிறாள், வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோடா உடைக்கிறார். நைனா சந்தோஷம் தாங்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், "அக்கா, எனக்கு ஒரு இஞ்சி" என்றார்.

அக்கா தலையைத் திருப்பவில்லை. "எல்லாரும் காத்துகினு கீறாங்க இல்ல? வரிசையில வா நைனா" என்றாள்.

நைனா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு பின்னால் போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவரிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்.